தகரத்துக்கு வால் வேண்டும்

பீர்க்கன்கரணை
9 ஜூன் 2025

மதிப்புக்குரிய ஜாய்சன் சாருக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் ஃபாண்டை இறக்கியபோது கூடவே வந்த சின்னக் கோப்பில் இந்த மின்னஞ்சல் முகவரி இருந்தது. குறை இருந்தால் எழுதவும் என்று போட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

நானும் என் கணவர் கதிரேசனும் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறோம். கம்ப்யூட்டரில் எழுத்து அமைப்பது நான். அக்ரிலிக் வெட்டி, உள்ளே எல்இடி வைத்து, ஏணியில் ஏறி மாட்டுவது அவர். பதினாறு வருடமாக இதுதான் வேலை.

போன மாதம் ரத்தினபாய் என்று ஒரு அம்மா வந்தார். சொந்த ஊர் மார்த்தாண்டம். தாம்பரத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தம்பி ஊரில் தேனீ வளர்க்கிறார். அந்தத் தேனை விற்க இந்த அம்மா பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடை பிடித்திருந்தார். ஒரு செல்போன் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஆறடி அகலம், அவ்வளவுதான். அந்த ஆறடியில் ‘மார்த்தாண்டம் தேன்’ என்று ஒரே வரியில், எதிர்ப்பக்கம் நிற்பவருக்கும் தெரிகிற மாதிரி வேண்டும் என்றார்.

சாதாரண ஃபாண்டில் போட்டால் எழுத்து உள்ளங்கை உயரம்தான் வரும். பக்கவாட்டில் நெருக்கினால் நிற்கிற கோடு மெலிந்து, படுக்கிற கோடு தடித்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி ஆகிவிடும். தேடித் தேடி உங்கள் ‘விண்கலம் நெட்டை’ ஃபாண்டைக் கண்டுபிடித்தேன். நேர்கோடும் அரைவட்டமும் தவிர வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் கிளம்பத் தயாராக நிற்கிற ராக்கெட் மாதிரி. ஒன்றரை அடி உயரத்தில் ஆறடிக்குள் கச்சிதமாக அடங்கியது. உங்களை மனதார வாழ்த்தினேன்.

ஆறாம் தேதி கடை திறப்பு. காலையில் முதலில் வந்தவர் ஸ்கூட்டரில் காலி நீலத் தண்ணீர்க் கேன் வைத்துக்கொண்டு வந்தார். ரெண்டு கேன் போடுங்க, மூணாவது மாடி என்று விலாசம் சொன்னார். நேற்றுவரை கேன் கேட்டு வந்தவர்கள் பதினொரு பேர். தேன் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருமே ரத்தினபாய் அம்மாவுடன் சர்ச்சுக்குப் போகிறவர்கள்.

ரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தேன். உங்கள் த-வுக்கு வாலே இல்லை. வால் இல்லாத த, க தான். ர-வும் வாலில்லாமல் துணைக்கால் மாதிரி நிற்கிறது. எங்கள் போர்டு ‘மார்க்காண்டம் கேன்’ என்று விளக்கு எரிகிறது. ஏதோ புதுத் தண்ணீர் கம்பெனி என்று நினைக்கிறார்கள்.

என் மேலும் தப்பு உண்டு. அடித்தவள் நான் என்பதால் என் கண்ணுக்குத் தேன் என்றே தெரிந்தது. ஆனால் ரத்தினபாய் அம்மா என் கடை வாசலில் நின்று, “நான் தேன் விக்க வந்தேனா, வெள்ளம் விக்க வந்தேனா?” என்று கேட்டார். அவர் ஊரில் குடிதண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். தெருவில் போனவர்கள் பதறி நின்று பார்த்தார்கள்.

தயவுசெய்து த-வுக்கு வால் வைத்து அனுப்புங்கள். எழுத்தை மறுபடி வெட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
திரிபுரசுந்தரி
கதிரேசன் போர்ட்ஸ்

*

மேடவாக்கம்
10 ஜூன் 2025

அன்புள்ள திரிபுரசுந்தரி மேடம்,

உங்கள் கடிதத்துக்கு நன்றி. விண்கலம் நெட்டையைப் பயன்படுத்தியதில் மகிழ்ச்சி.

நான் ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறேன். இந்த எழுத்துரு என் இரண்டு வருடத்துச் சனி, ஞாயிறுகள். அதன் அடிப்படைக் கொள்கை ஒன்றே ஒன்றுதான்: எந்த எழுத்தும் தான் நிற்கிற அடிக்கோட்டுக்குக் கீழே தொங்கக் கூடாது. தமிழ் எழுத்துகளில் பல கீழே கால் நீட்டுகின்றன. அதனால் வரிசை கலைந்து தெரிகிறது. எதிர்காலத்துக்கான எழுத்து தரையில் சமமாக நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். வால் வைத்தால் அது வேறு எழுத்துரு.

மேலும், வாசிப்பவர்கள் எழுத்தைத் தனித்தனியாக வாசிப்பதில்லை. சூழலை வைத்துச் சொல்லாகவே வாசிக்கிறார்கள். பலகையில் ஒரு தேனீயின் படம் சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

பெங்களூருவில் நடக்கும் ஒரு வடிவமைப்புப் போட்டியில் இது கடைசிச் சுற்றில் இருக்கிறது. சமமான அடிக்கோட்டுக்காகவே தேர்ந்திருக்கிறார்கள். ஆகவே இப்போது எதையும் மாற்ற இயலாது. இலவச எழுத்துரு என்பதால் உத்தரவாதம் எதுவும் இல்லை என்று அந்தக் கோப்பிலேயே குறிப்பிட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஜாய்சன்

*

பீர்க்கன்கரணை
13 ஜூன் 2025

ஜாய்சன் சாருக்கு,

உங்கள் யோசனைப்படி போர்டின் ஓரத்தில் ஒரு தேனீ ஸ்டிக்கர் ஒட்டினோம். நேற்று ஒருவர் வந்து, “தேனீ மார்க் கேன் ஒண்ணு குடுங்க” என்றார்.

சூழலை வைத்து வாசிப்பார்கள் என்கிறீர்கள். குழாயில் தண்ணீர் வராத ஜூன் மாதத்தில் மேடவாக்கத்தில் குடியிருந்துகொண்டு இதை எழுதுகிறீர்கள். இந்தப் பக்கம் சூழலே கேன்தான் சார். ஆறடிக் கடை, நீல போர்டு, நெட்டை எழுத்து என்றால் யாருக்கும் வேறு எதுவும் தோன்றாது.

எதிர்காலம் வரட்டும். வரும்போது அது என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா? உங்கள் எழுத்தில் ஒரு குறையும் இல்லை, படிக்க முடியவில்லை என்பதைத் தவிர.

உங்கள் வீட்டிலிருந்து பெருங்களத்தூர் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம். ஒரு நாள் வந்து அந்தத் தெருவில் நின்று பாருங்கள். வர மாட்டீர்கள். நானும் இனி எழுத மாட்டேன்.

திரிபுரசுந்தரி

*

மேடவாக்கம்
22 ஜூன் 2025

அன்புள்ள சுந்தரி மேடம்,

நேற்று வந்தேன்.

ஒரு வாரம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘படிக்க முடியவில்லை என்பதைத் தவிர’ என்ற வரியை என் மனைவி கிருபாவிடம் படித்துக் காட்டினேன், எவ்வளவு திமிர் பாரேன் என்று. அவள் சனிக்கிழமை காலையில் தாம்பரம் வரைக்கும் போய்வரலாமா என்று மட்டும் கேட்டாள். தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ மாறியபோதுதான் எங்கே அழைத்துப்போகிறாள் என்று புரிந்தது.

எதிர்ப்பக்கம் நின்று, அந்தக் கடையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கிருபா கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் சொல்ல மாட்டாள். இரண்டு தடவை பார்த்துவிட்டு, “மார்க்காண்டம் கேன். மார்க்காண்டம் எங்க இருக்கு?” என்றாள்.

உள்ளே போனோம். ரத்தினபாய் அம்மா ஆளுக்கு ஒரு கரண்டி தேன் கொடுத்தார். அவ்வளவு நல்ல தேனை நான் சாப்பிட்டதில்லை. ஆனால் உள்ளே சுவரோரம் ஆறு தண்ணீர்க் கேன்கள் இருந்தன. கேட்டு வருபவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனசில்லாமல் ஒரு ஏஜென்சியில் சொல்லி வாங்கி வைத்திருக்கிறாராம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தெருவிலிருந்து போன் வந்தது. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. அந்த அம்மாவுக்கு முட்டி வலி. கிருபா என்னைப் பார்த்தாள்.

லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி. கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறும்போது ஒவ்வொரு படியிலும் த-வைப் பற்றியே யோசித்தேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். எழுத்தைச் செய்தவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். போட்டி நடுவர்கள் மூன்று பேர். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. கடைசிச் சுற்றுக்கான குறிப்பில், த-வுக்கும் க-வுக்கும் உள்ள ஒற்றுமை வியக்க வைக்கிறது என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். போன மாதம் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பினேன். நேற்று பஸ்ஸில் மறுபடி வாசித்தபோது வெட்கமாக இருந்தது.

காலையிலிருந்து வால் வரைந்து பார்க்கிறேன். கோட்டுக்குக் கீழே வால் விட்டால் மற்ற எழுத்தெல்லாம் தரையில் நிற்க, த மட்டும் குழிக்குள் கால் விட்ட மாதிரி இருக்கிறது. வெட்டினால் க ஆகிவிடுகிறது. எனக்கு வழி தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் எழுதினேன்.

ஜாய்சன்

*

பீர்க்கன்கரணை
24 ஜூன் 2025

தம்பி ஜாய்சன்,

இனி சார் என்று கூப்பிட வரவில்லை. கண்ணாடி போட்ட ஒரு தம்பி கேன் தூக்கிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போனான், மனைவியும் நல்ல பெண் என்று ரத்தினபாய் அம்மா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள்தான் என்று நானும் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

இனி எழுத மாட்டேன் என்று சொன்னவள் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

நேற்று மத்தியானம் வெட்டி மிஞ்சிய அக்ரிலிக் துண்டுகளை மேஜையில் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். நெட்டைக்கு எது பஞ்சம்? அகலம். உயரம் தாராளமாகக் கிடக்கிறதே. ஒன்றரை அடி. அப்புறம் வாலை எதற்குக் கோட்டுக்கு வெளியே விட வேண்டும்? த-வின் உடம்பை முக்கால் உயரத்தில் முடித்துக்கொண்டேன். மிச்சம் இருந்த கால் பங்கில் வாலை இடப்பக்கமாக மடித்து உள்ளேயே படுக்க வைத்தேன். கீழே எல்லா எழுத்தும் ஒரே மட்டம். உங்கள் கொள்கைக்கும் பங்கம் இல்லை.

கதிரேசனை எதிர்வீட்டு கேட் பக்கம் போய் நின்று படிக்கச் சொன்னேன். “தேன்னு கீது. இன்னாத்துக்கு என்ன இட்டாந்து வெயில்ல நிக்க வெச்ச?” என்றார். பதினெட்டு நாளில் அந்த வார்த்தையைத் தேன் என்று படித்த முதல் ஆள் அவர்தான்.

ர-வுக்கும் இப்படியே உள்ளுக்குள் ஒரு சாய்வு வெட்டு கொடுத்துப் பாருங்கள். நான் துண்டுகளை ஒட்டினவள். கோணல்மாணலாக இருக்கும். உங்கள் கைக்குத்தான் அது எழுத்தாக வரும்.

அன்புடன்,
சுந்தரி அக்கா

*

மேடவாக்கம்
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

படத்தைப் பார்த்தேன். இரண்டு வருடமாக அகலத்தையே முறைத்துக்கொண்டிருந்தவனுக்கு உயரம் கண்ணில் படவில்லை.

வரைவது நீங்கள் நினைத்ததைவிடக் கஷ்டம். முதல் த, ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டுகிறவர் மாதிரி வந்தது. இரண்டாவதில் படுக்கைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து அடியில் கறுப்பாக அப்பிக்கொண்டன. வாலை மட்டும் கொஞ்சம் மெலிதாக்கி, வளைவைச் சரியான அரைவட்டமாக விடாமல் சற்றே அழுத்தியபோதுதான் மூச்சு வந்தது. கணக்குப்படி அது வட்டம் இல்லை, பார்வைக்கு வட்டம். கிருபா அதை ஒப்புக்கொள்ள ஒரு நாள் எடுத்துக்கொண்டாள்.

பிறகு பரீட்சையும் அவளே வைத்தாள். எழுத்துகளைப் பெரிதாக அச்செடுத்து எங்கள் அபார்ட்மெண்ட் வராந்தாவின் ஒரு கோடியில் ஒட்டி, தண்ணீர் லாரி வந்த நேரம் பார்த்து, கீழே இறங்கிய எல்லோரையும் நிறுத்திப் படிக்க வைத்தாள். அசோசியேஷன் செயலாளர் லக்ஷ்மிநாராயணன் சார் ‘தங்கை’, ‘கங்கை’, ‘தடை’, ‘கடை’ எல்லாவற்றையும் தடுமாறாமல் படித்துவிட்டு, இதற்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். பதினாறு பேரில் பதினைந்து பேர் சரி. தவறாகப் படித்தவர் கண்ணாடியை மாடியில் விட்டு வந்தவர்.

போட்டிக்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். கடைசிச் சுற்றில் எதையும் மாற்றக் கூடாது என்றார்கள். பழையதையே விட்டுவைத்தால் ஒருவேளை பரிசுகூடக் கிடைத்திருக்கும். எழுத்துருவைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டேன். அந்தக் கடிதத்தை ஒரு நாள் முழுக்க அனுப்பாமல் வைத்திருந்தது உண்மை. பழைய த-வுக்கு என் பேரில் ஒரு கேடயம் வீட்டில் நிற்பதை நினைத்ததும் அனுப்பிவிட்டேன்.

புதிய கோப்பை உங்களுக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். வெட்டிப் பாருங்கள். ஒரு குறையும் விடாமல் சொல்லுங்கள்.

ஜாய்சன்

*

பீர்க்கன்கரணை
10 ஜூலை 2025

தம்பி,

குறை கேட்டீர்கள். ஒன்று இருக்கிறது.

வெட்டி, உள்ளே எல்இடி வைத்து வாசலில் சாய்த்து வைத்தோம். பகலெல்லாம் அருமையான த. சாயங்காலம் ஆறரைக்கு விளக்குப் போட்டதும் மறுபடி க ஆகிவிட்டது. உடம்புக்கும் வாலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வெளிச்சம் அடைத்துவிடுகிறது. எரிகிற எழுத்து எப்போதும் வெட்டினதைவிடக் கொஞ்சம் பெருத்துத் தெரியும். கம்ப்யூட்டரில் இது தெரியாது, ஏணியில் நின்றவருக்குத் தெரியும்.

அந்த இடைவெளியை இன்னும் கால் அங்குலம் திறந்துவிடுங்கள். ர-வின் வெட்டையும் அப்படியே. மனசு தளர வேண்டாம். பகலுக்கு நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

ரத்தினபாய் அம்மா புது போர்டு எப்போது என்று கேட்கிறார். ஆனால் அதில் ஒரு மாற்றம் இருக்கிறது என்கிறார். என்னவென்று நேரில்தான் சொல்வாராம்.

சுந்தரி அக்கா

*

மேடவாக்கம்
20 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

திறந்துவிட்டேன். விளக்குப் போடுகிற பலகைக்கென்றே தனியாக ஒரு வடிவம் செய்திருக்கிறேன். எல்லா இடைவெளியும் அதில் அகலம், எல்லாக் கோடும் ஒரு மயிரிழை மெலிது. பேர் ‘விண்கலம் நெட்டை ஒளி’. அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். த, த-வாகவே இருக்கிறது. இணைத்திருக்கிறேன்.

நாளை இதை எல்லோருக்கும் வெளியிடுகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு அனுமதி வேண்டும். எழுத்துருவோடு போகிற கோப்பில் ‘வடிவமைப்பு: ஜாய்சன், திரிபுரசுந்தரி’ என்று போட்டிருக்கிறேன். மறுக்கக் கூடாது. வாலை மடித்தது நீங்கள். இடைவெளியைத் திறந்தது நீங்கள். நான் வரைந்தேன், அவ்வளவுதான்.

உங்கள் பெயரை அமைத்தபோதுதான் கவனித்தேன். அதில் இரண்டு த, மூன்று ர. பழைய வடிவத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்று ஆசைக்கு அடித்துப் பார்த்தேன். கிருபா எட்டிப் பார்த்து, இது ஏதாவது மாத்திரையின் பேரா என்று கேட்டாள். புதியதில் அடித்தேன். நின்ற இடத்திலிருந்தே படித்தாள்.

ஜாய்சன்

*

பீர்க்கன்கரணை
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி ஜாய்சனுக்கும் கிருபாவுக்கும்,

பதில் தாமதமாகிவிட்டது. மறுக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன், மறுபடி திறந்தேன். அன்று அதைத் தவிர வேறு வேலை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை பெருங்களத்தூரில் புது போர்டு ஏறியது. ரத்தினபாய் அம்மா சொன்ன மாற்றம் இதுதான்: கேனை விட மனசில்லையாம். தினமும் முப்பது கேன் போகிறது. கேன் வாங்க வந்தவர்கள் தேன் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொண்டுபோய்க் கொடுக்க இப்போது ஒரு டிரைசைக்கிள்காரர் இருக்கிறார், நீங்கள் பயப்பட வேண்டாம். ஆகவே போர்டில் ‘மார்த்தாண்டம் தேன், கேன்’ என்று இரண்டும் வேண்டும் என்றார். தேனும் கேனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எழுத்து ஒரு சொட்டு தப்பினாலும் ஊரே சிரிக்கும்.

சாயங்காலம் விளக்குப் போட்டோம். நான், கதிரேசன், ரத்தினபாய் அம்மா மூன்று பேரும் எதிர்ப்பக்கம் நின்றோம். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்த ஒரு அம்மா தன் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, “இங்க மார்த்தாண்டம் தேன் விக்கிறாங்க, கேன்கூட போடறாங்களாம், நம்பர் எழுதிக்கோ” என்று மெதுவாக ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ரத்தினபாய் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை. அப்போதுதான் நீங்கள் யாரென்று சொன்னேன். ஒரு டஜன் பாட்டில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. வேண்டாம் என்று சொல்லிப் பார்க்காதீர்கள், நடக்காது.

இனி எங்கள் வீட்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமை சமைத்துவிட்டு வெளியே வந்தால் கடை வாசலில் ஏணி. கதிரேசன் எங்கள் சொந்த போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பதினாறு வருடமாக அங்கே ‘கதிரேசன் போர்ட்ஸ்’ என்றுதான் இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். உள்ளே போய்ப் பழைய துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்து பிரித்தார். மஞ்சள் அக்ரிலிக்கில் எட்டு எழுத்து. எனக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரைத் திறந்து, எனக்குத் தெரியாமல் வெட்டியிருக்கிறார். பிசிறு தேய்த்திருந்த விதத்தைப் பார்த்தாலே அது ஒரு நாள் வேலை இல்லை என்று தெரிந்தது.

“உன் பேரு நீளம், எடம் பத்தாதுன்னு சொல்லிகினு இருந்தேன் இல்ல? இப்ப பத்துது” என்றார்.

கழற்றிய கதிரேசனைத் திரும்ப மேலே மாட்டினார். அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில், திரிபுரசுந்தரி. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கடைசி எழுத்தை மாட்டிவிட்டு, “நேரா கீதான்னு பாரு” என்று மேலிருந்து சொன்னார். நேராகத்தான் இருந்தது. கொஞ்சம் இடப்பக்கம் ஏத்துங்க, இன்னும் கொஞ்சம், இப்போ வலப்பக்கம் என்று சொல்லி, மனுஷனைப் பத்து நிமிடம் ஏணியிலேயே நிற்க வைத்தேன்.

அன்புடன்,
திரிபுரசுந்தரி